வெயிலைச் சேர்த்து வைக்கும் தாயாடு

எலும்பு எதனால் ஆனது என்று கேட்டால், ஆறாம் வகுப்புத் தங்கையர்கூடச் சட்டென்று 'சுண்ணாம்புச் சத்து' என்று சொல்லிவிடுவார்கள். தாயின் வயிற்றில் வளரும் குட்டிக்கு அந்தச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 'தாய் உண்ணும் உணவிலிருந்து' என்பார்கள். அது பாதி விடைதான். உணவு போதாத நாட்களில் தாய் தன் எலும்பையே கரைத்துக் குட்டிக்குக் கொடுக்கிறது. உணவிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சவும், எலும்பிலிருந்து அதை எடுக்கவும் துணை செய்கின்ற வைட்டமின் 'டி'யோ வெயிலில் பிறப்பது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் படிக்கும் நாம், அவற்றை மனித உடலின் படத்தில் மட்டுமே பார்க்கிறோம். அதே சுரப்பிகள் ஒரு செம்மறியாட்டின் உடலில் ஆண்டு முழுவதும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஆடுதானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், தோழியரே!

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதைக் கண்டறிவது கடினம். எது அரிதாகக் கிடைக்கிறதோ அதன் அருமைதான் வெளியே தெரியும். ஆகவே வெயில் அரிதான ஓர் இடத்துக்குப் போவோம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், செயின்ட் கில்டா என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. (அப்பெயரில் ஒரு புனிதர் இருந்ததே இல்லையாம்! பெயர் மட்டும் எப்படியோ நிலைத்துவிட்டது.) அதில் பெரிய தீவு ஹிர்ட்டா. அங்கே எஞ்சியிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்டு 29-ஆம் நாள் கப்பலேறித் தீவைக் காலி செய்துவிட்டனர். 1932-இல் பக்கத்துத் தீவான ஸோவேயிலிருந்து 107 செம்மறியாடுகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். ஸோவே என்ற சொல்லுக்கே 'ஆட்டுத் தீவு' என்றுதான் பொருள். அன்று முதல் அந்த ஆடுகளுக்கு மேய்ப்பரும் இல்லை, தீவனம் வைப்பவரும் இல்லை, ரோமம் கத்தரிப்பவரும் இல்லை. 1985 முதல் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பிறப்பு முதல் இறப்பு வரை பின்தொடர்ந்து குறித்து வருகிறார்கள். எந்தத் தாய்க்கு எத்தனை குட்டி, எந்தக் குளிரில் எது மடிந்தது என்பதெல்லாம் அவர்கள் ஏட்டில் உண்டு. மனிதர் கை படாத ஆட்டு மந்தை ஒன்றின் குடும்ப வரலாறு இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது பெரிய பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

குளிர் நாட்டுச் செம்மறியாடு ஆண்டு முழுவதும் கிடாவுடன் சேர்வதில்லை. கோடை முடிந்து பகல் குறுகத் தொடங்கும்போதுதான் அதற்குப் பருவம் வருகிறது. பருவ காலத்தில் 17 நாட்களுக்கு ஒருமுறை சுழற்சி நடக்கும். சினைப்பட்டால் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் குட்டி. ஹிர்ட்டாவில் நவம்பரில் கிடாக்கள் மோதிக்கொள்ளும். ஏப்ரலில் குட்டிகள் பிறக்கும். அதாவது, புல் துளிர்க்கும் வேளையில் தாயின் மடியில் பால் இருக்கும்.

பகல் குறுகுவதை ஆடு எப்படி அறிகிறது? கண்ணில் விழும் ஒளியின் செய்தி மூளையிலுள்ள பினியல் சுரப்பிக்குப் போகிறது. அச்சுரப்பி இரவில் மட்டும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். அதுவே ஆட்டுக்குப் 'பருவம் வந்துவிட்டது' என்ற அறிவிப்பு. இங்கிலாந்திலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பிய ஆடுகள், பூமத்திய ரேகையைத் தாண்டியதும் தம் பருவத்தையே அவ்வூர்க் காலத்துக்கு மாற்றிக்கொண்டன என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் மார்ஷல் 1937-இல் எழுதினார். நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் மேச்சேரி முதலிய நம் ஆடுகள் எந்த மாதத்திலும் சினைப்படக்கூடியவையாக இருக்கின்றன.

இங்கேதான் ஒரு விந்தை! பகல் குறுகுவதுதான் குளிர் நாட்டு ஆட்டைச் சினைக்கு அழைக்கிறது. அதே பகல் குறுகுவதுதான் வைட்டமின் 'டி' உற்பத்தியையும் நிறுத்துகிறது. அந்த வடக்குப் பகுதிகளில் ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் மிகத் தாழ்வாகச் செல்வதால், வைட்டமினை உண்டாக்கும் புற ஊதாக் கதிர்கள் தரையை எட்டுவதே அரிது. ஆக, கடை அடைக்கும் நேரம் பார்த்துத்தான் தாயாடு சினையாகிறது. குட்டி வளரும் ஐந்து மாதமும் இருண்ட மாதங்கள். இந்தக் காலத்துக்கு வேண்டியதைக் கோடையிலேயே சேர்த்து வைத்திருந்தால்தான் உண்டு.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டின் எலும்பில் அரைக் கிலோவாவது கால்சியம் இருக்கும். ஆனால் அதன் இரத்தம் முழுவதையும் சேர்த்தால் கால்சியம் அரைக் கிராம்கூடத் தேறாது. செம்மறியாட்டுப் பால் ஒரு லிட்டரிலோ ஏறக்குறைய 2 கிராம் கால்சியம்! ஆகவே ஒரு லிட்டர் பால் சுரக்க, இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் போல நான்கைந்து மடங்கு வேண்டும். சின்னக் கைப்பையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்குச் சாமான் வாங்குவது போலத்தான் இது. பெட்டியிலிருந்து விடாமல் எடுத்து எடுத்துப் பையை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

வயிற்றிலிருக்கும் குட்டியும் லேசான ஆள் இல்லை. பிறக்கும்போது இருக்கும் எடையில் ஏறக்குறைய 100-க்கு 70 பங்கு கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. எலும்பு கெட்டிப்படுவதும் அப்போதுதான். இன்னொன்றும் கேளுங்கள்: குட்டியின் இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடக் கால்சியம் அதிகம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இங்கேயோ பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றம் இறைக்கப்படுகிறது! அந்த ஏற்றம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அதை இயக்கத் துணைபுரிவது பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதம். புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து 1987-இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதம் நல்ல வேலையும் செய்கிறது என்பது, 1988-இல் தாய் வயிற்றிலிருந்த செம்மறிக் குட்டிகளில் செய்த ஆய்வில் தெரியவந்தது. தாயின் கையிருப்பு எவ்வளவு என்று குட்டி கேட்பதில்லை. அது தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது.

தாயின் உடலில் கணக்கப்பிள்ளையாக இருப்பது பாராதைராய்டு சுரப்பி. கழுத்தில் தைராய்டின் அருகே இருக்கும் சிறு சுரப்பிகள் இவை. 100 மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும். சற்றே குறைந்தாலும் இச்சுரப்பி உடனே ஹார்மோனை அனுப்புகிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கச் செய்கிறது. சிறுநீரில் வீணாகாமல் தடுக்கிறது. கூடவே, சிறுநீரகத்தில் வைட்டமின் 'டி'யை அதன் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது. அந்த வடிவம் குடலுக்குப் போய், உணவிலுள்ள கால்சியத்தை அதிகமாக உறிஞ்சச் செய்கிறது.

தோலில் உண்டாகும் வைட்டமின் 'டி' நேராக வேலைக்குப் போவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம். 1968-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிலூக்காவின் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். பிறகு சிறுநீரகத்தில் இரண்டாவது மாற்றம். இதை 1970-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டனர். கல்லீரல் வடிவம் சேமிப்பு; சிறுநீரக வடிவம் செலவு. ஓர் ஆட்டிடம் எவ்வளவு வைட்டமின் கையிருப்பு என்று அறிய, இரத்தத்தில் கல்லீரல் வடிவத்தைத்தான் அளக்கிறார்கள்.

சுரப்பி இத்தனை கவனமாக இருந்தும் சில வேளைகளில் கணக்குத் தவறிவிடுகிறது. எலும்பையும் குடலையும் முடுக்கிவிட ஓரிரு நாட்களாவது வேண்டும். அதற்குள் தேவை திடீரென்று கூடினாலோ, வரவு திடீரென்று நின்றாலோ ஆபத்து. பிரிட்டனின் பண்ணைகளில் குட்டி ஈனுவதற்கு முந்திய வாரங்களில், பனிப்புயலில் அகப்பட்ட ஆடு, நெடுந்தூரம் ஓட்டிச் செல்லப்பட்ட ஆடு, தீவனம் சட்டென்று மாறிய ஆடு ஆகியவை இப்படி விழுந்துவிடுவதுண்டு. இரட்டைக் குட்டி சுமப்பவைக்கு ஆபத்து இன்னும் அதிகம். முதலில் நடை தள்ளாடும், உடல் நடுங்கும். பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். வயிறு உப்பும், நினைவு தப்பும். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில்கூட இறந்துவிடலாம். தாயோடு குட்டிகளும் போய்விடும். அரைக் கிலோ கால்சியம் எலும்பில் இருக்கும்போதே, இரத்தத்தில் சில மில்லிகிராம் குறைந்ததால் மூன்று உயிர்கள் போகின்றன என்பதை நினைத்தால் மனம் பதறுகிறதல்லவா?

பசுக்களுக்கு இந்நோய் பெரும்பாலும் கன்று ஈன்றபின் வருவது. செம்மறிக்கோ ஈனுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. மருந்து எளியது. கால்சியம் போரோகுளுக்கோனேட் என்ற கரைசலை ஊசி மூலம் செலுத்தினால், செத்துப்போகும் என்று நினைத்த ஆடு ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று புல்லைத் தேடும்! ஆனால் இரத்தக் குழாயில் செலுத்தும்போது மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் இதயமே நின்றுவிடும். கால்நடை மருத்துவருக்குப் பொறுமை எவ்வளவு தேவை என்பது இதிலிருந்தே தெரிகிறது. இன்னொரு வியப்பு: சினைக் காலம் முழுவதும் கால்சியத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தாலும் நன்மை இல்லை. வரவு தாராளமாக இருந்தால் சுரப்பி சோம்பிவிடும். தேவை வரும் நேரத்தில் எலும்பைத் திறக்க அதற்கு நாளாகும். பசுக்களில் இது நன்றாகவே நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

பால் கொடுக்கும் முதல் வாரங்களில் தாயாட்டின் எலும்பு சற்று மெலிவது இயற்கை. நல்ல தீவனம் வைத்தாலும் அப்படித்தான். பால் குறைந்து வற்றும் காலத்தில் இழந்ததை எலும்பு மீண்டும் கட்டிக்கொள்கிறது. அடுத்த சினைக்குமுன் கடன் அடைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

பாஸ்பரஸும் எலும்புக்கு வேண்டியதே. அதற்கு ஆடு ஒரு தனி வழி வைத்திருக்கிறது. அசைபோடும்போது ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்குக்கூட எச்சில் ஊறும். இரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ் அந்த எச்சிலில் கலந்து வயிற்றுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உதவிவிட்டு, மறுபடி குடலில் உறிஞ்சப்படுகிறது. மெக்னீசியத்துக்கு இப்படிச் சேமிப்பும் இல்லை, காவல் காக்கத் தனிச் சுரப்பியும் இல்லை. அன்றாடம் தின்பதில் வர வேண்டும். வராவிட்டால் பால் கொடுக்கும் தாய் வலிப்பு வந்து விழும்.

வைட்டமின் 'டி' கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. வெயிலில்லாத தொழில் நகரங்களில் குழந்தைகளின் கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு, 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கின் ஒளியால் குணம் கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்டு மெலன்பி, நாய்க்குட்டிகளின் ரிக்கெட்ஸைக் காட் மீன் எண்ணெயால் தடுத்தார். ஒருவர் ஒளி என்கிறார், ஒருவர் எண்ணெய் என்கிறார்! இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகு விளங்கியது. தோலிலுள்ள கொலஸ்ட்ரால் இனக் கொழுப்பொன்று புற ஊதாக் கதிர் பட்டதும் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. இவ்வினப் பொருள்களை ஆராய்ந்த விண்டாவுஸுக்கு 1928-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் உடலெல்லாம் கம்பளி போர்த்திய ஆட்டுக்கு வெயில் எப்படிப் படும் என்ற கேள்வி எழுகிறது. முகம், காது, கால் போன்ற ரோமம் குறைந்த இடங்களில் படுகிறது. ரோமம் கத்தரித்த ஆட்டுக்கு வைட்டமின் கூடுதலாகக் கிடைக்கும். இது டி-3 என்ற வகை. வெயிலில் உலர்ந்த புல்லிலிருந்து வருவது டி-2 என்ற இன்னொரு வகை. இவை இரண்டும் சேர்ந்ததே ஆட்டின் வரவு.

இப்போது ஹிர்ட்டாவுக்குத் திரும்புவோம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் அங்குள்ள ஆடுகளைப் பிடித்து எடை பார்த்து, இரத்தம் எடுத்துவிட்டு அவிழ்த்துவிடுவார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் பெட்டையாடுகளின் இரத்தத்தில் வைட்டமின் 'டி'யை அளந்து, முடிவை 2016-இல் வெளியிட்டனர். காட்டு விலங்குகளில் இப்படி ஓர் ஆய்வு அதற்குமுன் நடந்ததில்லை. கோடையில் எந்தத் தாயின் இரத்தத்தில் வைட்டமின் கையிருப்பு மிகுந்திருந்ததோ, அதுவே அடுத்த வசந்தத்தில் கூடுதலாகக் குட்டி ஈன்றது. வெளிர் நிற ஆடுகளில் கருநிற ஆடுகளைவிட டி-3 அதிகமாக இருந்தது. டி-2-இலோ நிறத்தால் வேறுபாடு இல்லை. ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். டி-3 தோலில் வெயிலால் உண்டாவது. கருநிறம் கதிரை மறைக்கும். டி-2 வாயால் தின்பது. புல்லுக்கு நிறம் தெரியாது! இந்த நுட்பமான வேறுபாடுதான் அந்த ஆய்வில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆனாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. வைட்டமின் அதிகம் இருந்ததால் குட்டி அதிகமா? அல்லது நல்ல உடற்கட்டுள்ள ஆடு நிறைய மேய்ந்து, வெயிலிலும் நின்று, குட்டியும் அதிகம் ஈன்றதா? தீவில் அளந்து பார்ப்பதை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கருப்பை, சினைப்பை, நஞ்சுக்கொடி, பிட்யூட்டரி ஆகியவற்றில் வைட்டமின் 'டி'யை ஏற்கும் புரதம் இருக்கிறது என்பது உண்மை. வைட்டமின் இல்லாத எலிகளுக்குக் குட்டிகள் குறைகின்றன என்பதும் உண்மை. ஆனால் வைட்டமின் 'டி'யை ஏற்கும் புரதமே இல்லாத சுண்டெலிகளுக்குக் கால்சியத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தபோது அவை குட்டி ஈன்றன என்று 2001-இல் டிலூக்காவின் ஆய்வுக்கூடமே அறிவித்தது. அப்படியென்றால் வைட்டமினின் பெரும் பணி கால்சியத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என்றும் கொள்ளலாம். எங்களுக்கும் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது.

ஹிர்ட்டாவில் ஊசி போடுவார் இல்லை. சில ஆண்டுகளில் குளிர் முடிவதற்குள் மந்தையில் பாதிக்கு மேல் மடிந்துவிடும். பண்ணை ஆட்டுக்கு மனிதன் கொடுக்கும் தீவனமும் மருந்தும் அங்கே இல்லாததால், ஆகஸ்டு மாத வெயிலில் ஓர் ஆடு சேர்த்தது எவ்வளவு என்பது ஏப்ரல் மாதத்தில் கண்கூடாகத் தெரிந்துவிடுகிறது.

நல்லதுதானே என்று அளவு மீறிக் கொடுத்தாலும் வினைதான். அர்ஜென்டினாவின் மேய்ச்சல் நிலங்களில் நம் கத்தரிக்காய், சுண்டைக்காயின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி வளர்கிறது. அதன் இலையில் வைட்டமின் 'டி'யின் சிறுநீரக வடிவமே இருக்கிறது! சுரப்பியின் கட்டளை இல்லாமலே செலவு வடிவம் உள்ளே போய்விடுவதால், அதைத் தின்ற மாடும் ஆடும் உணவிலுள்ள கால்சியத்தையெல்லாம் உறிஞ்சி, இரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படிந்து, நடக்க முடியாமல் மெலிந்து போகின்றன. அவ்வூரார் இதற்கு 'எந்தெகே செக்கோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கைக்குழந்தைகளுக்கு வைட்டமின் 'டி' சொட்டு மருந்து கொடுப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். அந்த டி-3 பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? செம்மறியாட்டின் கம்பளியைக் கழுவும்போது லனோலின் என்ற பிசுபிசுப்பான கொழுப்பு பிரிந்து வரும். அதிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்து, தோலில் இருக்கும் அதே பொருளாக மாற்றி, தொழிற்சாலையில் புற ஊதா விளக்கின் கீழ் காட்டுகிறார்கள். ஆட்டின் தோலில் வெயில் செய்யும் வேலையைத்தான் அங்கே விளக்கு செய்கிறது.